எர்மே, அப்பொல்லோ, தியொனீசியு: ஆதி கிறிஸ்தவங்களுக்கு கிரேக்க சாமி பேரு எப்படி வந்துச்சு?

பைபிள்ல அப்போஸ்தலர் புத்தகம் 14-ம் அதிகாரத்துல ஒரு சம்பவம் வரும். லீஸ்திரா, இப்போ துருக்கில இருக்கிற ஒரு ஊரு, அங்க இயேசுவ பத்தி பிரசங்கம் பண்ண போன பவுலும் பர்னபாவும் நடக்க முடியாத ஒருத்தர எழுந்து நடக்க வைப்பாங்க, அத பாத்த ஜனங்க தேவர்களே மனுஷ ரூபத்துல இறங்கி வந்துட்டாங்கன்னு கத்தி, பர்னபாவ யூப்பித்தர்னும், பேசுறவர் இவர்தான்னு பவுல மெர்க்கூரின்னும் கூப்ட்டு, காளை, பூமாலைன்னு கொண்டாந்து பலி குடுக்கவே ரெடி ஆயிடுவாங்க. ரெண்டு பேரும் துணிய கிழிச்சுக்கிட்டு கூட்டத்துக்குள்ள பாஞ்சு, நாங்களும் உங்கள மாதிரி மனுஷங்கதான்யான்னு தடுத்து நிறுத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

இதே பவுல் ரோமர் 16-ம் அதிகாரத்துல ரோமாபுரி சபைல இருக்கிற ஒவ்வொருத்தருக்கா வாழ்த்து சொல்றாரு. பொதுவா நம்ம ஆளுங்க வேகமா தாண்டி போற அதிகாரம் அது, வெறும் பேரு லிஸ்ட்டுதானேன்னு. அதுல 14-ம் வசனத்துல எர்மேன்னு ஒருத்தர் இருக்காரு. கிரேக்க மூலத்துல பாத்தா லீஸ்திரா ஜனங்க பவுலுக்கு வச்ச பேரும் இந்த எர்மேயோட பேரும் ஒண்ணேதான், ஹெர்மஸ். தேவர்களோட தூதன், வியாபாரிங்களுக்கும் வழிப்போக்கங்களுக்கும் திருடங்களுக்கும் கூட காவல் தெய்வம், அந்த ஹெர்மஸ். நம்ம பழைய தமிழ் பைபிள்ல சாமிய சொல்ற எடத்துல லத்தீன் வழியா வந்த மெர்க்கூரின்னும், மனுஷன சொல்ற எடத்துல கிரேக்கத்துல இருந்து வந்த எர்மேன்னும் போட்டுட்டதால தமிழ்ல படிக்கிறவங்களுக்கு இது கண்ணுல படுறதே இல்ல. ஆர்ட்டெமிஸ் தேவதைக்கும் அதே கததான், எபேசு கலவரம் வர்ற எடத்துல அவ தியானாள், தீத்து நிருபத்துல அவ பேர வச்சிருக்கிற கிறிஸ்தவர் அர்த்தெமா, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாருக்கு தோணும்?

தன்ன ஹெர்மஸ்னு கூப்ட்டப்போ துணிய கிழிச்ச மனுஷன், சபைல ஒருத்தர் பேரே ஹெர்மஸ்னு இருக்கிறத பத்தி ஒரு வார்த்த சொல்லல. அந்த பேர மாத்திக்கப்பான்னு சொல்லல. இது ஏன்னு புரிஞ்சுக்கிட்டா ஆதி சபைய பத்தி நெறைய விஷயம் புரியும், அதான் இந்த கட்டுரை.

மொதல்ல இந்த பேருங்க எப்படி உருவாகுதுன்னு பாத்துடலாம், அடிப்படை புரிஞ்சுட்டா அப்புறம் நீங்களே கண்டுபிடிப்பீங்க. கிரேக்கங்க சாமி பேர அப்படியே புள்ளைக்கு வைக்கிறது பழைய காலத்துல ரொம்ப கம்மி. அதுக்கு பதிலா அந்த சாமியோட சம்பந்தப்பட்டவன்னு வர்ற மாதிரி கொஞ்சம் திருப்பி வைப்பாங்க. டயோனிசஸ் திராட்சரசத்தோட சாமி, அவர சேந்தவன் டயோனிசியஸ். அப்பல்லோவ சேந்தவன் அப்பல்லோனியஸ். விளைச்சலோட தாய் டெமீட்டர சேந்தவன் டெமெட்ரியஸ், நம்ம பைபிள்ல தெமேத்திரியு. இன்னொரு வகை, பின்னாடி டோரஸ்னு வரும், பரிசுன்னு அர்த்தம். எகிப்து தேவி ஐசிஸ் குடுத்த பரிசு இசிடோர், கிரேக்க தேவர்களோட ராஜா ஜீயஸ் (லத்தீன்ல யூப்பித்தர்) குடுத்த பரிசு டியோடோர், அர்ட்டெமிஸ் குடுத்தது அர்ட்டெமிடோர். அடுத்து ஜெனிஸ்னு முடியுறது, பிறந்தவன்னு அர்த்தம், ஹெர்மோஜெனிஸ் ஹெர்மஸுக்கு பிறந்தவன். நீளமான பேர எல்லாம் வீட்ல சுருக்கி கூப்பிடுவாங்கல்ல, அங்கயும் அதே பழக்கம்தான், அர்ட்டெமிடோர் அர்த்தெமா ஆயிடுவாரு, ஜீயஸ் பேருல வர்ற ஜெனோடோர் சேனா ஆயிடுவாரு, அப்பல்லோனியஸ் அப்பொல்லோ ஆயிடுவாரு. ரோம சாம்ராஜ்யம் வந்த பெறகு சாமி பேர நேரடியாவே மனுஷனுக்கு வைக்கிற பழக்கமும் பரவுச்சு, அதுல ஹெர்மஸ்ங்கிற பேரு குறிப்பா அடிமைங்க நடுவுல ரொம்ப காமன். அடிமைக்கு பேரு வைக்கிறது அவனோட அப்பா அம்மா இல்ல, பெரும்பாலும் எஜமான்தான், அவங்க இஷ்டத்துக்கு ஒரு பேரு.

இப்போ புதிய ஏற்பாட்ட எடுத்து பாத்தா எண்ணிக்கை சும்மா எகிறும். ரோமர் 16 ஆரம்பமே பெபேயாள், கெங்கிரேயா சபை ஊழியக்காரி, பவுல் ரொம்ப மரியாதையா அறிமுகப்படுத்துற பொம்பள. போய்பேங்கிறது கிரேக்க புராணத்துல ஜீயஸுக்கும் முந்தின தலைமுறை தேவர்களான டைட்டன்கள்ல ஒரு பெண், அப்பல்லோவுக்கும் ஆர்ட்டெமிஸுக்கும் பாட்டி. அதே அதிகாரத்துல 15-ம் வசனத்துல நெரேயுஸ்னு ஒருத்தர், அது கடல் கிழவன் சாமி பேரு, கடல் கன்னிங்களுக்கு அப்பா. பிலிப்பியர்ல எப்பாப்பிரோதீத்து வர்றாரு, சாகுற அளவுக்கு வியாதிப்பட்டு பொழச்சவரு, பவுல் அவர என் சகோதரன், உடன் வேலையாள், உடன் சேவகன்னு அடுக்கிட்டே போறாரு, ஆனா பேரு என்னன்னா அஃப்ரோடைட்டி தேவியோட அருள் பெத்தவன். காதல் தேவதை. கொலோசெயர்ல வர்ற எப்பாப்பிரா அதே பேரோட சுருக்கம்தான், ஆள் வேற.

அத்தேனே ஊர்ல பவுல் பிரசங்கம் பண்ணி ரொம்ப பேர் கேலி பண்ணிட்டு போனதுக்கு அப்புறம் விசுவாசிச்ச சில பேர்ல ஒருத்தர் தியொனீசியு. அவர் உக்காந்திருந்த நியாயசபை இருந்த எடம் போர்க்கடவுள் ஏரிஸ் பேருல இருந்த குன்று, தமிழ்ல மார்ஸ் மேடை. திராட்சரச சாமி பேர வச்சவரு, போர் சாமி மலைல கிறிஸ்தவர் ஆனாரு. அப்போஸ்தலர் புத்தகத்த எழுதின லூக்காவுக்கு இது ஒரு விஷயமாவே படல, பேர எழுதிட்டு அடுத்த ஊருக்கு போயிட்டாரு.

எனக்கு ரொம்ப பிடிச்சது யோவான் எழுதின மூணாவது நிருபம். பைபிள்லயே மிக சின்ன புத்தகங்கள்ல ஒண்ணு, ஒரே பக்கத்துல முடிஞ்சிடும். அதுல ஒரு கெட்டவன், ஒரு நல்லவன். கெட்டவன் பேரு தியோத்திரேப்பு, முதன்மையா இருக்க ஆசப்பட்டு சபைல வம்பு பண்றவன், ஜீயஸ் வளர்த்தவன்னு அந்த பேருக்கு அர்த்தம். சரி, ஜீயஸ் பேர வச்சவன் வேற எப்படி இருப்பான்னு ஒரு பிரசங்கமே பண்ணலாம்னு தோணும், ஆனா மூணு வசனம் தள்ளி எல்லாராலும் நற்சாட்சி பெத்தவன்னு யோவான் சொல்ற ஆளு தெமேத்திரியு. அவரும் சாமி பேருதான். எபேசுல பவுலுக்கு எதிரா கலவரத்த கெளப்பி விட்ட வெள்ளி தட்டான் பேரும் தெமேத்திரியுதான். ஆக அவங்களுக்கு பேருல இருந்து ஆள எடை போடுற பழக்கம் இல்ல.

அப்பொல்லோ கேஸு இன்னும் சுவாரஸ்யம், ஏன்னா அவரு புறஜாதில இருந்து வந்தவரே இல்ல. அலெக்சாந்திரியால பிறந்த யூதர், வேதாகமத்துல வல்லவர்னு அப்போஸ்தலர் 18 சொல்லுது. ஒரு பக்தியுள்ள யூத குடும்பத்துல புள்ளைக்கு அப்பல்லோ சாமி பேரா? ஆமா, எகிப்துலயும் மத்த எடங்கள்லயும் கிரேக்கம் பேசின யூதங்க நடுவுல இது நடந்துச்சு, ஊரோட சேந்து வாழ்றப்போ ஊருல இருக்கிற பேர வைக்கிறது. அதுக்கும் முன்னாடி எஸ்தர் கதைல வர்ற மொர்தெகாய பாருங்க, பாபிலோன் சாமி மர்தூக் பேருல இருந்து வந்ததுன்னுதான் சொல்றாங்க. அதனால நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான்னு பவுல் எழுதினப்போ கொரிந்துல யாருக்கும் தூக்கிவாரி போட்டிருக்காது.

அப்போ ஏன் மாத்தல? இந்த எடத்துல ஒரு தப்பான எண்ணத்த ஒதுக்கிடலாம். ஞானஸ்நானம் எடுத்தா புது பேரு வைக்கணும்ங்கிறது பின்னால வந்த பழக்கம், முதல் சில நூற்றாண்டுல அப்படி ஒரு சடங்கு கிடையாது. உடனே சவுல் பவுல் ஆனாரேன்னு கேப்பீங்க. அவரு மனந்திரும்புறது அப்போஸ்தலர் 9, அதுக்கு பெறகு நாலு அதிகாரத்துக்கு அவரு பேரு சவுல்தான், 13-ம் அதிகாரத்துல சீப்புரு தீவுல ரோம அதிகாரிங்க முன்னாடி நிக்கிறப்போதான் பவுல் என்றும் சொல்லப்பட்ட சவுல்னு லூக்கா எழுதுறாரு. யூதங்க நடுவுல ஒரு பேரு, ரோமங்க நடுவுல ஒரு பேரு, ரெண்டும் முன்னயே இருந்தது.

அதுவும் இல்லாம பேருங்கிறது குடும்ப சொத்து. தாத்தா பேர பேரனுக்கு வைக்கிறது கிரேக்கங்களுக்கு பெரிய வழக்கம், டயோனிசியஸ்னு ஒருத்தன் இருந்தா அவன் தாத்தா பேரு டயோனிசியஸா இருந்திருக்கும், அவ்வளவுதான். வச்சவங்களுக்கே அந்த சாமி ஞாபகம் பாதி போயிருக்கும். எப்பாப்பிரோதீத்துங்கிற பேரு நீரோ ராஜாவோட செயலாளருக்கு இருந்துச்சு, எபிக்டெட்டஸ்ங்கிற தத்துவஞானிய அடிமையா வச்சிருந்தவரு அவருதான். அவ்ளோ சாதாரணமான பேரு.

இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். விக்கிரகத்துக்கு படைச்ச இறைச்சிய சாப்பிடலாமா கூடாதாங்கிறதுக்கு பவுல் 1 கொரிந்தியர்ல 8-ல இருந்து 10 வரைக்கும் மண்டைய பிச்சுக்கிட்டு எழுதுறாரு. அவங்க கவலையே படாத ஜனங்க கிடையாது, விக்கிரக விஷயத்துல ரொம்ப ரொம்ப கவனமா இருந்த ஜனங்க. ஆனா அந்த கவனம் தட்டுல இருக்கிற கறி மேல இருந்துச்சு, பேரு மேல இல்ல.

கிபி 200-ஐ ஒட்டி வட ஆப்பிரிக்கால இருந்த கார்த்தேஜ்ல டெர்ட்டுலியன்னு ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர் இருந்தாரு. கண்டிப்புல அவர மிஞ்ச ஆள் கிடையாது, கிறிஸ்தவன் பள்ளிக்கூட வாத்தியாரா இருக்க கூடாது ஏன்னா சாமி கதைய சொல்லி குடுக்கணும், ஹெர்குலிஸ் மேல சத்தியமான்னு பேச்சுவாக்குல கூட சொல்ல கூடாதுன்னு எழுதினவரு. அவரே சாமி பேர உச்சரிக்கிறத பத்தி வர்றப்போ எறங்கி வந்துடுறாரு. ஐசிஸ் தெருல இருக்கேன்னு விலாசம் சொல்லித்தானே ஆகணும், அந்த பேருங்க மனுஷங்களுக்கும் வச்சிருக்கே, மார்க்கஸ மார்க்கஸ்னு கூப்ட்டா எப்படி நான் அவன கும்பிடுறதா ஆகாதோ, அதே மாதிரி ரோம சாமி சாட்டர்ன சாட்டர்ன்னு சொன்னா நான் கும்பிடுறதா ஆகாதுங்கிறாரு. சாமின்னு நெனச்சு சொன்னாதான் தப்பு. இதே கார்த்தேஜ்ல 256-ல அந்த ஊரு பிஷப் சிப்பிரியன் தலைமைல 87 பிஷப்புங்க கூடினாங்க, ஒவ்வொருத்தர் பேரும் பேசினதும் பதிவாகி இருக்கு. அதுல பேதுரு ஒருத்தர், பவுல் ஒருத்தர். ஆபிரகாம், தாவீதுன்னு யாரும் இல்ல. சாட்டர்ன் சாமி பேருல இருந்து வந்த சாட்டர்னினஸ், ஜேனஸ் சாமி மாசத்துல இருந்து வந்த ஜனுவாரியஸ், அதிர்ஷ்ட தேவதைய ஞாபகப்படுத்துற ஃபோர்ச்சுனாட்டஸ், இப்படித்தான் இருக்கு.

இந்த கதைல உச்சம்னா அது ஓரிகன்தான். 185 வாக்குல அலெக்சாந்திரியால பிறந்தவரு, ஆதி சபையோட பெரிய மூளைன்னு சொன்னா சண்டைக்கு வர்றவங்க கம்மி. அவரு அப்பா லியோனிடஸ் 202-ல கிறிஸ்தவர்ங்கிறதுக்காக தலை வெட்டப்பட்டு செத்தவரு. அந்த அப்பா, தூங்குற சின்ன பையனோட நெஞ்சுல துணிய விலக்கி, பரிசுத்த ஆவி வாசம் பண்ற எடம்னு முத்தம் குடுப்பாருன்னு ஆதி சபையோட வரலாற எழுதின யூசேபியஸ் எழுதி வச்சிருக்காரு. சரி, அந்த பையனுக்கு பேரு என்ன? ஓரிகன்னா ஹோரஸுக்கு பிறந்தவன்னு அர்த்தம்னுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்றாங்க. ஹோரஸ் எகிப்தோட பருந்து தலை சாமி.

இந்த ஓரிகன் 248-ஐ ஒட்டி கிறிஸ்தவத்த எதிர்த்து எழுதின செல்சஸ்ங்கிற தத்துவவாதிக்கு பதில் எழுதுறாரு. செல்சஸ் வாதம் என்னன்னா, மேல இருக்கிற கடவுள ஜீயஸ்னு கூப்ட்டா என்ன, யூதங்க மாதிரி அதோனாய்னு கூப்ட்டா என்ன, எகிப்துக்காரன் மாதிரி அம்மோன்னு கூப்ட்டா என்ன, எல்லாம் ஒண்ணுதானே? இன்னைக்கும் டீக்கடைல கேக்கிற வாதம்தான். ஓரிகன் இதுக்கு ஒத்துக்கவே இல்ல. பேருங்கிறது சும்மா மனுஷன் ஒட்டுற லேபிள் இல்ல, அதுக்குள்ள ஒரு சக்தி இருக்கு, அதனாலதான் கிறிஸ்தவங்க கடவுள ஜீயஸ்னு கூப்பிடுறத விட சாகுறது மேல்னு நிக்கிறாங்கன்னு எழுதுறாரு. பேருக்கு சக்தி இருக்குன்னு அடிச்சு பேசுற அந்த மனுஷன் பேரே ஹோரஸுக்கு பிறந்தவன்! அவருக்கு அது உறுத்தின மாதிரி தெரியல. முரண்பாடுன்னு நமக்கு தோணும், ஆனா அவங்க கணக்கு வேற: மேல பாத்து கூப்பிடுற பேரு ஒரு விஷயம், தெருல ஆள கூப்பிடுற பேரு இன்னொரு விஷயம். மொதல்ததுக்காக உயிர குடுப்பாங்க, ரெண்டாவதுக்காக ஒரு நிமிஷம் கூட செலவழிக்க மாட்டாங்க. இந்த ஒரு கோட்ட பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

காத்து மாறுறது எப்போ? ஓரிகன் காலத்துலயே லேசா ஆரம்பிச்சாச்சு. அலெக்சாந்திரியா பிஷப் ஒருத்தர், வெளிப்படுத்தின விசேஷத்த எழுதின யோவான் அப்போஸ்தலன் யோவான்தானான்னு சந்தேகப்பட்டு எழுதுறப்போ, ஒரே பேருல பல பேர் இருக்கலாமே, விசுவாசிங்க வீட்டு புள்ளைங்களுக்கு இப்போ பவுல், பேதுருன்னு நெறைய பேரு வைக்கிறாங்களேன்னு போற போக்குல சொல்றாரு. அப்போ மூணாம் நூற்றாண்டு நடுவுலயே அந்த பழக்கம் வந்துருச்சு. இத சொன்ன பிஷப்போட பேரு? டயோனிசியஸ். கொஞ்ச வருஷத்துல ரோம்ல போப்பா இருந்தவர் பேரும் டயோனிசியஸ், 259-ல இருந்து 268 வரைக்கும். ரெண்டு டயோனிசியஸும் ஒருத்தருக்கொருத்தர் திரித்துவம் பத்தி லெட்டர் போட்டு விவாதம் பண்ணிருக்காங்க, ரெண்டு பெரிய சபைங்களும் அப்போ திராட்சரச சாமி பேரு கைல.

310-ல பாலஸ்தீனால இருக்கிற செசரியால நடந்தது இன்னும் கடுமை. துன்புறுத்தல் உச்சத்துல இருந்த நேரம். எகிப்துல இருந்து அஞ்சு கிறிஸ்தவ இளைஞருங்க, சிலிசியா சுரங்கத்துக்கு தண்டனையா அனுப்பப்பட்ட விசுவாசிங்கள வழியனுப்பிட்டு திரும்பி வர்றப்போ ஊர் வாசல்ல காவல்காரங்க பிடிச்சுட்டாங்க. ஆளுநர் ஃபிர்மிலியன் பேரு கேக்குறாரு. எலியா, எரேமியா, ஏசாயா, சாமுவேல், தானியேல்னு சொல்றாங்க. அப்பா அம்மா வச்ச பேருங்க விக்கிரகங்களோட பேருங்களா இருந்ததால அத விட்டுட்டு தீர்க்கதரிசிங்க பேர எடுத்துக்கிட்டாங்கன்னு யூசேபியஸ் விளக்குறாரு, அவரு அந்த ஊருக்காரரு, இவங்களோட கொல்லப்பட்ட பாம்ஃபிலஸோட சிஷ்யரு. எந்த ஊருன்னு அடுத்த கேள்வி. எருசலேம்ங்கிறாங்க, பரலோகத்துல இருக்கிற எருசலேம மனசுல வச்சு. ஆளுநருக்கு அப்படி ஒரு ஊரே தெரியல, ஏன்னா அந்த ஊருக்கு ரோமங்க அப்போ வச்சிருந்த பேரு ஏலியா, முழுப்பேரு ஏலியா காப்பித்தோலினா, அதுல ஏலியா ஹாட்ரியன் பேரரசரோட குடும்ப பேரு, காப்பித்தோலினா ரோம்ல இருந்த ஜூப்பிட்டர் கோயில வச்சு வந்த பேரு. ஊரு பேருலயே சாமி! ரோமுக்கு எதிரா கிறிஸ்தவங்க கிழக்குல எங்கயோ ரகசியமா ஒரு ஊரு கட்டி வச்சிருக்காங்கன்னு பயந்து போய் சித்திரவத பண்ணி கேக்குறாரு, அவங்க அதையே சொல்றாங்க, கடைசில தலைய வெட்டிட்டாங்க.

இது பெரிய மாற்றம்தான், இங்க மொதல் தடவையா பேரே சாட்சியா ஆகுது. ஆனா இவங்க பண்ணினத எல்லாரும் பண்ணல, சட்டம்னு எதுவும் வரல.

நாலாம் நூற்றாண்டு கடைசில அந்தியோகியால ஜான் கிறிசோஸ்டம் பிரசங்கம் பண்ணிட்டு இருந்தாரு, வாய்க்கு வந்தத வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா பேசுறவரு. புள்ளைக்கு பேரு வைக்க அந்த ஊருல ஒரு பழக்கம், பல விளக்க ஏத்தி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சு, எது கடைசி வரைக்கும் எரியுதோ அந்த பேர புள்ளைக்கு வைக்கிறது, ஆயுசு கெட்டின்னு நம்பிக்கை. அத கிழிகிழின்னு கிழிச்சுட்டு, தாத்தா பேரு பாட்டன் பேருன்னு ஓடாதீங்க, பரிசுத்தவான்கள் பேர வைங்கன்னு சொல்றாரு. கவனிங்க, சாமி பேரு ஆபத்துன்னு அவரு பயமுறுத்தல, நல்லவங்க பேர வச்சா புள்ள அவங்கள பாத்து வளரும்ங்கிறதுதான் அவரு பாயிண்ட்டு. அந்த ஊரு பிஷப் மெலீட்டியஸ் மேல ஜனங்களுக்கு இருந்த பிரியத்துல வீட்டுக்கு வீடு புள்ளைக்கு மெலீட்டியஸ்னு வச்சத அவரே சந்தோஷமா சொல்றாரு. என் கணக்குல பேரு மாறினதுக்கு பெரிய காரணம் இதுதான், பழைய சாமி மேல இருந்த பயத்த விட புது ஹீரோங்க மேல வந்த பாசம்.

அந்த பாசம் இன்னொரு வேலையும் பண்ணுச்சு. சாமி பேர வச்சவங்க சிலர் ரத்தசாட்சியாவும் துறவியாவும் ஆயிட்டாங்க, அப்புறம் அந்த பேரு சாமி பேரா யார் ஞாபகத்துலயும் இல்ல, அந்த பரிசுத்தவான் பேரு ஆயிடுச்சு. தெசலோனிக்காவ காக்குற புனிதர் டெமெட்ரியஸ். 249-ல அலெக்சாந்திரியால பல்ல எல்லாம் உடச்சு கொல்லப்பட்ட அப்பல்லோனியா, இன்னைக்கும் பல் வலிக்கு கத்தோலிக்கங்க வேண்டிக்கிற புனிதை. ரோம்ல நெரேயுஸ், அகிலியுஸ்னு ரெண்டு ரத்தசாட்சிங்க, எப்பவும் ஜோடியாதான் பேசப்படுவாங்க, கிரேக்க புராணத்துல பாத்தா நெரேயுஸோட பொண்ணு தேட்டிஸ், அவ மகன்தான் அகிலிஸ், தாத்தாவும் பேரனும் ஒரே கல்லறைல சேந்த மாதிரி ஆயிடுச்சு. எகிப்துல பக்கோமியஸ் ஆரம்பிச்ச மடங்களுக்கு பின்னால தலைவரா வந்த பெரியவர் பேரு ஹோர்சியேசி, ஐசிஸ் மகன் ஹோரஸ்னு அப்படியே அர்த்தம், ஐசிஸ் பேரு ஹோரஸ் பேரு ரெண்டும் ஒரே பேருக்குள்ள. நிர்வாண துறவின்னு ஓவியங்கள்ல தாடி மட்டும் வச்சு வரைவாங்களே ஒனோஃப்ரியஸ், அது ஒசிரிஸ் சாமியோட பட்டப்பேரு. எகிப்துல பாவிட்ங்கிற எடத்துல மடம் வச்ச துறவி பேரு அப்பா அப்பொல்லோ, அவரால எகிப்து கிறிஸ்தவங்க நடுவுல அப்பொல்லோங்கிற பேரு சாகறதுக்கு பதிலா பல மடங்கு பெருகுச்சு. ஆறாம் நூற்றாண்டுல அங்க ஒரு வக்கீல் இருந்தாரு, கவிதையும் எழுதுவாரு, அவரோட காகிதக்கட்டு எல்லாம் 1905 வாக்குல கெடச்சுது. பேரு டயாஸ்கோரஸ், ஜீயஸோட பையங்கள குறிக்கிற பேரு. அப்பா பேரு அப்பொல்லோஸ், சொந்தமா ஒரு மடம் கட்டினவரு. ஊரு பேரு அஃப்ரோடிட்டோ, அஃப்ரோடைட்டி ஊரு. விலாசம் பூரா சாமிங்க, ஆளுங்க சுத்தமான கிறிஸ்தவங்க.

அதனாலதான் பழைய பாப்பிரஸ் காகிதங்கள்ல இருக்கிற பேருங்கள எண்ணி எகிப்து எவ்ளோ வேகமா கிறிஸ்தவம் ஆச்சுன்னு கணக்கு போடலாம்னு ரோஜர் பேக்னல்னு ஒரு வரலாற்று அறிஞர் 1982-ல முயற்சி பண்ணினப்போ பெரிய விவாதம் ஆச்சு. மொத்தமா போக்கு தெரியும், ஆபிரகாம், மோசே, யோவான்லாம் ஏறுறதும் பழைய பேருங்க எறங்குறதும் கண்கூடா இருக்கு, ஆனா ஒரு தனி ஆள எடுத்து அப்பொல்லோன்னு பேரு இருக்கே இவன் கிறிஸ்தவனா இல்லையான்னா சொல்லவே முடியாது.

போப்புங்க கதையையும் சொல்லணும். 533-ல மெர்க்கூரியஸ்னு ஒரு ரோம் பாதிரியார் போப் ஆனாரு. சாமி பேரோட அந்த நாற்காலில உக்கார கூடாதுன்னு ரெண்டாம் யோவான்னு பேர மாத்திக்கிட்டாரு, போப் ஆனதும் பேரு மாத்துறதுல அவருதான் மொதல் ஆளுன்னு சொல்வாங்க. ஆஹா கடைசில சபை கண்டுபிடிச்சுடுச்சுன்னு நெனச்சா, அதுக்கு பத்து வருஷம் முன்னாடி, 514-ல இருந்து 523 வரைக்கும் போப்பா இருந்தவர் பேரு ஹோர்மிஸ்தாஸ். அது பாரசீகங்களோட பெரிய கடவுள் அகுரா மஸ்தா பேரு! அவரு மாத்திக்கல, யாரும் கேக்கல, புனிதரும் ஆயிட்டாரு. அதே ஹோர்மிஸ்தாஸ் காலத்த ஒட்டி ரோம்ல வாழ்ந்த ஒரு துறவிதான் 525-ல இயேசு பிறப்ப வச்சு வருஷத்த எண்ணுற முறைய கொண்டு வந்தாரு, நாம கிபின்னு சொல்றோமே அது, அவர் பேரு டயோனிசியஸ் எக்ஸிகூஸ்.

இதெல்லாம் படிச்சுட்டு சில பேரு எதிர் பக்கம் ஓடுறத பாத்திருக்கேன். புனிதர் டெமெட்ரியஸ்னா டெமீட்டர் தேவிதான் வேஷம் மாறி வந்திருக்கா, டயோனிசியஸ்னா டயோனிசஸ்தான்னு. 19-ம் நூற்றாண்டுல பெரிய அறிஞருங்களே இந்த பாதைல போனாங்க, ஹெர்மன் யூசெனர் 1879-ல புனிதை பெலாகியா அஃப்ரோடைட்டியோட இன்னொரு உருவம்னு எழுதினாரு, அஃப்ரோடைட்டிக்கு பெலாகியா, அதாவது கடல்காரின்னு ஒரு பட்டப்பேரு இருந்ததால. பின்னாடி இப்போலித் தெலஹாய்னு ஒரு இயேசு சபை அறிஞர், புனிதர் கதைங்கள எந்த இரக்கமும் இல்லாம சல்லட போடுறவரு, அவரே இத ஒத்துக்கல. கத கட்டுக்கதையா இருக்கலாம், பூஜை பழக்கம் சிலது தொடர்ந்திருக்கலாம், ஆனா பேரு ஒத்து போறது மட்டும் ஆதாரம் ஆகாது, ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்க அந்த பேருல இருந்தாங்களே. மேல பாத்த லிஸ்ட்டுக்கு அப்புறம் உங்களுக்கே இது தோணும்.

நம்ம ஊர் பக்கம் இதே கேள்விக்கு ரெண்டு பதிலும் இருக்கு. நீலகண்ட பிள்ளை 1745-ல ஞானஸ்நானம் வாங்கினப்போ லாசருங்கிற பேர தமிழ்ல தேவசகாயம்னு எடுத்துக்கிட்டாரு, 2022-ல புனிதர் ஆனாரு. 1858-ல கிறிஸ்தவரான கவிஞர் கிருஷ்ணப்பிள்ளை முன்னாடி ஹென்றி ஆல்பிரட்னு சேத்துக்கிட்டாரு, பின்னாடி கிருஷ்ணன் அப்படியே இருந்தாரு, தமிழ் கிறிஸ்தவங்க அவரோட பாட்ட இன்னைக்கும் பாடுறாங்க, யாருக்கும் ஒரு நெருடலும் இல்ல.

அதுக்கும் மேல, தூத்துக்குடில இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் கத்தோலிக்க வீடுகள்ல டெனிஸ், மார்ட்டின், இசிதோர்னு பேரு சாதாரணமா கேக்கலாம். டெனிஸ் டயோனிசியஸோட பிரெஞ்சு உருவம். இசிதோர் ஐசிஸோட பரிசு. மார்ட்டின் ரோமங்களோட போர் சாமி மார்ஸ் பேருல இருந்து வந்தது, பிரான்ஸ்ல தூர்ஸ் நகர பிஷப்பா ஆன மார்ட்டினுக்கு அந்த பேர வச்சவரு கிறிஸ்தவர் இல்லாத அவரோட அப்பா, ரோம படைல அதிகாரி, பட்டாளத்துக்காரர் தன் புள்ளைக்கு வேற என்ன பேரு வைப்பாரு. பையன் வளந்து பட்டாளத்த விட்டு வெளிய வந்து துறவி ஆனாரு, பேர மட்டும் அப்படியே வச்சுக்கிட்டாரு.